அவர் வந்ததால் நடந்ததா, அவர் வந்தபோது நடந்ததா? தலைவர்களை எடைபோட ஒரு டாக்டரின் கணக்கு

"அவர் வந்த பிறகுதான் எல்லாம் மாறிச்சு." எந்தக் கட்சிக்காரரிடம் பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடும், பெயர் மட்டும்தான் வேறு. எதிர்த்தரப்பும் இதையேதான் சொல்லும், "மாறிச்சு" இருக்கும் இடத்தில் "நாசமாப் போச்சு" என்று இருக்கும். நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பொது மருத்துவர். பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ படித்தவன் இல்லை. ஆனால் இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. ஓபியில் நாள் தவறாமல் கேட்கிறேன்: "அந்த ஊசி போட்ட பிறகுதான் டாக்டர் காய்ச்சல் விட்டுச்சு."

ஊசி வேலை செய்ததா என்று கண்டுபிடிக்க மருத்துவத்துறை சில நூறு வருடங்கள் தடுமாறி, கடைசியில் சில வழிகளைக் கண்டுபிடித்தது. அதே வழிகளைத் தலைவர்கள்மேலும் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று இதில் தேடாதீர்கள், கிடைக்காது.

ஊசி போட்டதும் விட்ட காய்ச்சல்

சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாளில் தானாகவே அடங்கிவிடும். முதல் நாள் யாரும் டாக்டரிடம் வருவதில்லை. கஷாயம், ஒரு பாரசிட்டமால், தூக்கம். இரண்டாம் நாளும் அப்படியே போகும். மூன்றாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்து, எழுந்து நிற்கவே முடியாமல் போகும்போதுதான் வருவார்கள். ஒரு ஊசி போடப்படும். ஐந்தாம் நாள் காய்ச்சல் இருக்காது. புகழ் ஊசிக்குப் போய்விடும். அந்த ஊசியில் வெறும் விட்டமின் இருந்திருந்தாலும் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டிருக்கும்.

இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. எந்த வைத்தியமும் செய்யாவிட்டால் ஒரு நோய் எந்த வழியில் போகுமோ அதை *இயற்கைப் போக்கு* என்கிறோம். இது முதலாவது. இரண்டாவது, நோயாளி எப்போது வருகிறார் என்பது. உச்சத்தில் இருக்கும்போதுதான் வருகிறார். உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தான் என்பதால், அந்த நேரத்தில் யார் பக்கத்தில் நின்றாலும் அவர் கைராசிக்காரர்.

வாக்காளர்களும் இப்படித்தான். விலைவாசி நன்றாக இருக்கிறது, மழை பெய்திருக்கிறது, வேலை கிடைக்கிறது என்றால் ஆட்சியை மாற்றும் அவசரம் யாருக்கும் இருக்காது. எல்லாம் மோசமாகி மூச்சுமுட்டும்போதுதான் மாற்றுவார்கள். அதனால் புதிதாக வரும் தலைவருக்கு, ஒரு விரலைக்கூட அசைக்காவிட்டாலும், முதல் ஓரிரண்டு வருடம் பெரும்பாலும் முன்னேற்றமாகவே தெரியும். இது தந்திரம் இல்லை. மக்கள் எந்த நேரத்தில் மாற்றினார்கள் என்பதாலேயே நிகழ்வது.

தன் வெற்றியைத் தானே எண்ணிய டாக்டர்

எங்கள் துறை இதில் எவ்வளவு மோசமாக ஏமாந்தது என்பதற்கு பெஞ்சமின் ரஷ் நல்ல உதாரணம். பெரிய டாக்டர், அரசியல்வாதியும்கூட. 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 50,000 பேர் இருந்த ஊரில் ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். பலர் ஊரைவிட்டு ஓடியபோது ரஷ் அங்கேயே தங்கி நாள் முழுக்க வைத்தியம் பார்த்தார். அவருடைய துணிச்சலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்த வைத்தியம், பாதரச மருந்து கொடுத்துப் பேதியாக்குவதும் உடம்பிலிருந்து ஏராளமாக இரத்தத்தை வெளியேற்றுவதும்.

பிழைத்தவர்களை அந்த வைத்தியம் காப்பாற்றியது, இறந்தவர்கள் நோய் முற்றியதால் போனார்கள் என்ற ரீதியில்தான் அவருடைய கணக்கு போனது. அவருக்கே காய்ச்சல் வந்து, அதே முறையில் இரத்தம் எடுக்கப்பட்டு, பிழைத்தும் விட்டார். அப்புறம் நம்பிக்கைக்குக் கேட்கவா வேண்டும். ஆறு வருடம் கழித்து, 1799 டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் இறந்தார். அவருடைய டாக்டர்களும் அந்த ஒரே நாளில் பல முறை அவரிடமிருந்து இரத்தம் எடுத்திருந்தார்கள்.

நல்லது நடந்தால் நம்மால், கெட்டது நடந்தால் சூழ்நிலையால். இந்தக் கணக்கு இன்று எங்கே நடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை, ஏதாவது ஒரு கட்சித் தொலைக்காட்சியைப் போட்டால் போதும். ரஷ் பொய்யர் அல்ல, தான் சொன்னதை உளமார நம்பினார். என்னைக் கவலைப்பட வைப்பதே அதுதான். நேர்மையும் உழைப்பும் நிறைந்த ஒரு தலைவர்கூடத் தன் சாதனையைப் பற்றி முழுக்கத் தவறாகச் சொல்ல முடியும்.

1830களில் பாரிஸில் பியர் லூயி என்ற டாக்டர் ஒரு சாதாரண வேலை செய்தார். நிமோனியா நோயாளிகளில் யாருக்குச் சீக்கிரம் இரத்தம் எடுத்தார்கள், யாருக்குத் தாமதமாக எடுத்தார்கள் என்று பிரித்து வைத்து எண்ணிப் பார்த்தார். பெரிய பலன் ஒன்றும் தென்படவில்லை. அவ்வளவு காலம் கோலோச்சிய வைத்தியம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மரியாதை இழந்தது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததால் முதலாவது இரண்டாவதுக்குக் காரணம் ஆகிவிடாது. எதையும் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த கோடு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். என் தொழிலுக்கு நெருக்கமான எண் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். *சிசு மரண விகிதம்* என்பது உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்களின் எண்ணிக்கை. மத்திய அரசின் தலைமைப் பதிவாளர் அலுவலகம், எஸ்ஆர்எஸ் என்ற மாதிரிப் பதிவு முறையில் இதை வருடாவருடம் கணக்கிடுகிறது. இந்திய அளவில் 1971இல் அது 129. பிறகு வந்த எண்களைப் பாருங்கள்:

2000இல் 68. 2005இல் 58. 2010இல் 47. 2015இல் 37. 2020இல் 28.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 10, 11, 10, 9 என்று குறைந்திருக்கிறது. இந்த இருபது வருடத்தில் வாஜ்பாய் பிரதமராக இருந்தார், மன்மோகன் சிங் பத்து வருடம் இருந்தார், பிறகு மோடி வந்தார். கூட்டணிகள் உடைந்தன, திட்டங்களின் பெயர்கள் மாறின. கோடு அதையெல்லாம் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

இதே எண்களை வைத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக விளம்பரம் எழுதலாம். "எங்கள் ஆட்சியில் சிசு மரணம் 58இலிருந்து 47ஆகக் குறைந்தது" என்று ஒருவர் போடலாம், உண்மைதான். "37இலிருந்து 28" என்று இன்னொருவர் போடலாம், அதுவும் உண்மைதான். ஆட்சிக்கு வரும் முன்பு கோடு எந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் இரண்டு விளம்பரத்திலும் இருக்காது.

அப்படியானால் எந்தத் தலைவரும் எதுவும் செய்யவில்லையா? அதுவும் அவசர முடிவு. 68இலிருந்து 10 குறைப்பதைவிட 37இலிருந்து 9 குறைப்பது கடினம். தடுப்பூசியாலும் உப்புச்சர்க்கரைக் கரைசலாலும் காப்பாற்றக்கூடிய குழந்தைகளை முதலில் காப்பாற்றிவிடுகிறோம். மீதி இருப்பது குறைமாதப் பிரசவம், பிறந்த முதல் வாரத்துச் சிக்கல்கள். அதற்கு இன்குபேட்டர் வேண்டும், இராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருக்கும் நர்ஸ் வேண்டும். சதவீதத்தில் பார்த்தால் அந்த நான்கு ஐந்தாண்டுக் கட்டங்களிலும் குறையும் வேகம் கூடிக்கொண்டேதான் போயிருக்கிறது. ஒரே சரிவில் கோடு இறங்க வேண்டுமென்றாலும் யாரோ அதிகமாக உழைக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பை ஒரே பெயரில் பட்டா போட முடியாது, அவ்வளவுதான்.

பள்ளத்திலிருந்து ஏறினால் எல்லாமே வளர்ச்சி

முதல் முறை வந்தவருக்கு இரத்த அழுத்தம் 160 இருந்தால் உடனே நோயாளி என்று முத்திரை குத்துவதில்லை, வேறொரு நாளில் மறுபடி அளப்போம். பலருக்கும் மாத்திரையே இல்லாமல் அடுத்த முறை குறைந்திருக்கும். ஒரு அளவு வழக்கத்தைவிட ரொம்ப மோசமாகவோ ரொம்ப நன்றாகவோ வந்தால், அடுத்த முறை அது வழக்கமான நிலைக்குப் பக்கமாக வருவதற்கே வாய்ப்பு அதிகம். இதற்குப் பெயர் *சராசரிக்குத் திரும்புதல்*.

தேசிய அரசியலில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. இன்றைய சண்டைகளோடு சம்பந்தம் இல்லாததால் நிதானமாகப் பார்க்கலாம். 1979இல் கடும் வறட்சி. அதோடு உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது. ஜூலையில் மொரார்ஜி தேசாய் விலகினார், சரண் சிங் வந்தார். அந்த 1979-80 நிதியாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 5% சுருங்கியது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். அடுத்த நிதியாண்டில் வளர்ச்சி சுமார் 7%. மேடையில் சொல்ல இதைவிட அழகான எண் கிடைக்காது.

உணவு தானிய உற்பத்தியைப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும். வறட்சிக்கு முந்தைய வருடம் சுமார் 13.2 கோடி டன். வறட்சி வருடம் சுமார் 11 கோடி. அதற்கடுத்து சுமார் 13 கோடி. மழை திரும்பி வந்தது, விளைச்சல் பழைய இடத்துக்கு வந்தது. இந்திராவின் திறமையைப் பற்றியோ சரண் சிங்கின் திறமையைப் பற்றியோ இந்த எண்கள் சொல்வது மிகக் குறைவு.

கொரோனா காலத்தில் இதே சங்கதி இன்னும் பெரிதாக நடந்தது. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜிடிபி 23.9% சரிந்ததாக முதலில் அறிவித்தார்கள். அடுத்த வருடம் அதே காலாண்டில் 20.1% வளர்ச்சி என்று அறிவிப்பு. பலர் 24 போச்சு, 20 வந்தது, 4தான் பாக்கி என்று மனக்கணக்குப் போட்டார்கள். பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் இருந்தது, 24% போனால் 76. அந்த 76இல் 20% என்பது சுமார் 15 ரூபாய். ஆக 91. "20% வளர்ச்சி" என்று கொண்டாடிய நாளில் இரண்டு வருடத்துக்கு முந்தைய நிலையைவிட நாம் ஏறக்குறைய 9% கீழே இருந்தோம். ஒப்பிடும் வருடம் பள்ளத்தில் இருப்பதால் வளர்ச்சி வீங்கித் தெரிவதை *அடிப்படை விளைவு* என்பார்கள்.

23.9% சரிவை வைத்து "பொருளாதாரத்தையே அழித்துவிட்டார்கள்" என்று எழுதியவர்களுக்கும் இது பொருந்தும். ஊரடங்கில் கடைகளை மூடினால் அந்தக் காலாண்டு சரியத்தான் செய்யும். ஊரடங்கு தேவையா, நான்கு மணிநேர அவகாசத்தில் அறிவித்திருக்க வேண்டுமா, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பவை உண்மையான கேள்விகள். அந்த ஒரு சதவீத எண் அவற்றில் எதற்கும் பதில் சொல்லாது.

பக்கத்து வார்டையும் பார்க்க வேண்டும்

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை வாங்கியவர்களையும் வாங்காத, ஆனால் மற்றபடி இவர்களைப் போலவே இருக்கும் ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வாங்காத கூட்டத்துக்கு *ஒப்பீட்டுக் குழு* என்று பெயர். இந்தியாவை இரண்டாக்கி, ஒன்றுக்கு இந்தப் பிரதமர், இன்னொன்றுக்கு அந்தப் பிரதமர் என்று கொடுத்துச் சோதிக்க முடியாது. மாநிலங்கள் இருக்கின்றன என்பதுதான் கொஞ்சம் ஆறுதல்.

2005இலிருந்து 2020 வரை சிசு மரண விகிதம் தமிழ்நாட்டில் 37இலிருந்து 13 ஆனது. உத்தரப் பிரதேசத்தில் 73இலிருந்து 38. அப்படியானால் யார் அதிகம் சாதித்தார்கள்?

கழித்துப் பார்த்தால் உத்தரப் பிரதேசம்: 35 குறைத்திருக்கிறது, தமிழ்நாடு 24தான். சதவீதத்தில் பார்த்தால் தமிழ்நாடு: 65% குறைப்பு, அங்கே 48%தான். இரண்டு மாநிலத்துக் கட்சிக்காரர்களும் தங்களுக்குத் தோதான கணக்கைத்தான் எடுப்பார்கள், இரண்டுமே கணிதப்படி சரி. எனக்குச் சதவீதம்தான் நியாயமாகப் படுகிறது. கீழே போகப்போகக் குறைப்பது கடினம் என்று மேலே சொன்ன அதே காரணம்தான். ஆனால் ஒரு லட்சம் பிரசவத்தில் எத்தனை உயிர் மிச்சமானது என்று கேட்கிறவர் முதல் கணக்கை எடுத்தால் அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன்.

கேரளாவையும் சேர்த்தால் தமிழ்நாட்டுப் பெருமை கொஞ்சம் அடங்கும். 2005லேயே அங்கே 14. நாம் 2020இல் தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் அவர்கள் பதினைந்து வருடத்துக்கு முன்பே இருந்தார்கள், 2020இல் 6க்குப் போய்விட்டார்கள். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துத் தலைவர் பெரியவராகவோ சுமாரானவராகவோ தெரிவார். ஒப்பிடும் ஆளை மட்டும் கட்சிக்காரர் தேர்ந்தெடுக்க விட்டுவிடக் கூடாது.

நட்டவர் ஒருவர், ரிப்பன் வெட்டியவர் இன்னொருவர்

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் மோடி காணொலி மூலம் திறந்து வைத்தார். விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. அப்போது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். அடிக்கல் நாட்டப்பட்டதோ எடப்பாடி பழனிசாமி ஆட்சியில். செலவு சுமார் 4,000 கோடி ரூபாய், அதில் சுமார் 2,145 கோடி மத்திய அரசின் பணம், மீதி மாநிலத்தின் பணம். அன்றிலிருந்து "யார் கட்டிய கல்லூரி" என்ற சண்டை ஓயவில்லை. மூன்று பேருக்கும் பங்கு உண்டு என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பார்ப்பது வேறு. அங்கே சேர்ந்த முதல் வகுப்பு நாலரை வருடம் படித்து, ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக இருந்து வெளியே வர 2027 ஆகும். அவர்களில் ஒருவர் மயக்கவியலோ மகப்பேறோ படிக்க மேலும் மூன்று வருடம். அப்புறம்தான் அந்த மாவட்டத்தில் நள்ளிரவு சிசேரியனுக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கிடைப்பார், அவர் அங்கேயே இருக்கச் சம்மதித்தால். செயலுக்கும் பலனுக்கும் நடுவே ஓடும் இந்தக் காலத்தைத் *தாமதம்* என்று சொல்வோம். தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. இந்தத் தாமதமோ எட்டு, ஒன்பது வருடம். பலன் வரும்போது நாற்காலியில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம்.

போலியோ இன்னும் நீளமான கதை. 1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில், அப்போது அங்கே சுகாதார அமைச்சராக இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஹர்ஷ் வர்தன் பெரிய அளவில் சொட்டு மருந்து முகாம் நடத்தினார். அது பாஜக ஆட்சி. மறுவருடம் நரசிம்ம ராவின் காங்கிரஸ் அரசு அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 2009இல்கூட 741 பேருக்குப் போலியோ வந்தது. அந்த வருடம் யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால், பதினைந்து வருடம் வீண் என்றுதான் எழுதியிருப்பார்கள். 2010இல் இரண்டு வகை வைரஸுக்கு எதிரான புதிய சொட்டு மருந்து வந்தது. எண்ணிக்கை 42 ஆனது. 2011இல் ஒன்றே ஒன்று, ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தை. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி அதுதான். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. நாடு தழுவிய முகாமிலிருந்து சான்றிதழ் வரை ஐந்து பேர் பிரதமர் பதவியில் இருந்துவிட்டார்கள். முந்தையவர் ஆரம்பித்தது என்று அவர்களில் ஒருவர் நிறுத்தியிருந்தாலும் கதை வேறாகியிருக்கும்.

நடுவில் ஒருமுறை தொகுத்துக்கொள்வோம்: ஒரு எண்ணைத் தலைவர் பெயரில் எழுதும் முன், அது ஏற்கெனவே எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, எந்தப் பள்ளத்திலிருந்து அளக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் என்ன ஆனது, விதை எப்போது விழுந்தது என்று பார்க்கிறோம்.

சந்தேகமே இல்லாமல் தலைவரின் கை

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்போ யார் ஆண்டாலும் ஒன்றுதானா" என்று கேட்கலாம். இல்லை. மருத்துவத்திலும் சில விளைவுகளுக்கு ஒப்பீட்டுக் குழுவே தேவைப்படாது. மூச்சுக்குழாயில் அடைத்த புளியங்கொட்டையை எடுத்ததும் குழந்தை மூச்சு விட்டால் யாரும் ஆய்வு நடத்துவதில்லை. விளைவு பெரிதாகவும் உடனடியாகவும் இருந்து, வேறு காரணத்துக்கு இடமே இல்லாவிட்டால், நேராகவே சொல்லிவிடலாம்.

நெருக்கடி நிலைக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாடு அப்படிப்பட்டது. 1976-77 ஒரே நிதியாண்டில் கருத்தடை அறுவை சிகிச்சைகள் 80 லட்சத்தைத் தாண்டின, முந்தைய வருடத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நெருக்கடி நிலை முடிந்த அடுத்த நிதியாண்டில் 10 லட்சத்துக்குள் சுருங்கின. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த கோடு என்று இதைச் சொல்ல முடியாது. மழையோ எண்ணெய் விலையோ இதற்குக் காரணம் இல்லை. மேலிருந்து இலக்கு வந்தது. ஆசிரியர்கள், வருவாய்த்துறை ஊழியர்கள், போலீஸ் எல்லோரிடமும் "இத்தனை பேரைக் கொண்டு வா" என்று சொல்லப்பட்டது. பின்னர் விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கையில் கருத்தடையை ஒட்டிய 1,774 இறப்புகள் பதிவாயின. அந்த அறுவை சிகிச்சைகள் ஒவ்வொன்றிலும் கத்தியைப் பிடித்தது என் தொழில்காரர்கள் என்பதை நான் மறப்பதில்லை. மேஜையில் படுத்திருந்தவர் சம்மதித்தாரா என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

பெட்ரோல் விலை இதைவிடச் சுவாரசியம், ஏனென்றால் அதில் தலைவரின் கையும் கைக்கு அப்பாற்பட்டதும் கலந்து கிடக்கின்றன. 2014 ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. இது உலகச் சந்தை. முன்பு விலை ஏறியிருந்ததற்கு மன்மோகன் சிங்கைத் திட்டியதும் சரியில்லை, பிறகு இறங்கியதற்கு மோடியை வாழ்த்தியதும் சரியில்லை. ஆனால் அதே காலத்தில் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 9.48 ரூபாயிலிருந்து 21.48 ரூபாய் ஆனது. அது டெல்லியில் எடுத்த முடிவு. அந்தப் பணம் அரசுக்குத் தேவைப்பட்டது என்று ஒருவர் அதை ஆதரிக்கலாம், மக்களுக்கு வர வேண்டிய பலன் நின்றுபோனது என்று இன்னொருவர் எதிர்க்கலாம். வாதத்துக்கு உரிய பொருள் அதுதான். கச்சா எண்ணெயை வைத்துச் சண்டை போடுவது வீண் வேலை.

ஒரு தலைவரின் கைக்குள் இருப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒரு வரி விகிதம், ஓர் உத்தரவு, ஒதுக்கிய பணம், நியமித்த ஆள், கொடுத்த அவகாசம்.

கலைக்காமல் விட்டதும் கணக்கில் வரும்

தலைமைப் பண்பு என்று பேசும்போது யாரும் குறிப்பிடாத ஒன்றை நான் ஓபி மேஜையிலேயே பார்க்கிறேன். நோயாளி கையில் கொடுக்கும் மாத்திரை அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அதன் பின்னால் இருப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் ஜெயலலிதா ஆட்சியில் பதிவு செய்யப்பட்டது. எல்லா அரசு மருத்துவமனைக்குமான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கொடுக்கும் அமைப்பு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கி மாதிரி ஒரு பாஸ்புக் உண்டு. இந்த வருடம் இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும்.

1996இல் ஆட்சி மாறியது. இரண்டு கட்சிகளும் ஒன்றின் நிழலை மற்றது மிதிக்காத காலம் அது. ஆனாலும் கருணாநிதி அரசு அந்தக் கழகத்தைக் கலைக்கவில்லை. 2001, 2006, 2011, 2021 என்று எத்தனை மாற்றம் வந்தும் யாரும் கலைக்கவில்லை. பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இதுபோன்ற கழகங்களை அமைத்தன. காப்பீட்டிலும் இதே கதைதான்: 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கியது, 2012இல் முதலமைச்சர் பெயரில் புது வடிவம் எடுத்தது, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. அட்டையில் படம் மாறியதே தவிர, நோயாளிக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டுதான் இருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வைத்தியத்தை, முந்தைய டாக்டர் எழுதியது என்பதற்காகப் புது டாக்டர் நிறுத்தினால் அவரைப் பற்றி என்ன நினைப்போம்? நிறுத்தாமல் விட்டவருக்கோ எந்த விளம்பரத்திலும் இடம் கிடைப்பதில்லை. என் கணக்கில் அது பாதி சாதனைக்குச் சமம்.

எண்ணுவது நின்றால்

இதுவரை சொன்ன அத்தனைக்கும் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: எண்கள் வர வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும். 1881இலிருந்து 2011 வரை பத்து வருடத்துக்கு ஒருமுறை இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு நடுவே 1941இல்கூட நடத்தினார்கள். 2021இல் நடக்கவில்லை. முதலில் கொரோனா காரணம், அது நியாயமானது. அது அடங்கிய பிறகும் தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜூனில்தான் அறிவிக்கை வந்தது. சிசு மரண விகிதம் தரும் எஸ்ஆர்எஸ்ஸிலும், 2021ஆம் வருடத்துக்கான அறிக்கை 2025இல்தான் வெளியானது.

காய்ச்சல் குறிக்கும் அட்டையில் நான்கு நாள் காலியாக இருந்தால், எந்த மருந்து கேட்டது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்போது குரல் உயர்த்திப் பேசுகிறவர் சொல்வதுதான் நிற்கும். ஆளும் தரப்புக்கு மட்டும் இது வசதி என்று நினைக்க வேண்டாம், எதிர்த்தரப்பும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம்.

புதிய கணக்கெடுப்புக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 2027 மார்ச் 1 குறிப்பு நாள். அதன் முடிவுகள் வரும்வரை, "மக்களில் இத்தனை சதவீதம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது" என்று யார் சொன்னாலும், அந்தச் சதவீதத்தின் கீழே வகுக்கும் எண் 2011ஐ வைத்துப் போட்ட மதிப்பீடுதான்.